அச்சமும் அச்சும்

தமிழிலே காவியம் செய்த பெரும் புலவர்கள் பலர் கதையைத் தொடங்குமுன் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். கடவுளை வணங்கிய கையோடு கற்றோர் அவையை நோக்கித் திரும்புகிறார்கள். 'இதனைச் செய்யும் தகுதி எனக்கில்லை, ஆசையினால் தொடங்கிவிட்டேன், குற்றம் பொறுத்தருள வேண்டும்' என்ற கருத்தமையச் சில செய்யுள்களைப் பாடி வைக்கிறார்கள். இதனை அவையடக்கம் என்கிறோம். இராமகாதையைப் பாடப் புகுந்த கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைகொண்டு கரையிலே வந்து நின்ற பூனையோடு தம்மை ஒப்பிட்டார். கவிச்சக்கரவர்த்தி என்று பிற்காலம் கொண்டாடிய ஒருவர் தமக்குத் தேடிக்கொண்ட உவமை ஒரு பூனை!

வகுப்பறையிலே நாம் இதனைப் பணிவு என்று கற்பிக்கிறோம். கேள்வி வந்தால் 'புலவரின் அடக்கம் புலப்படுகிறது' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். நானும் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் விளக்கி வருகிறேன். அதிலே தவறில்லை. ஆனால், மீண்டும் மீண்டும் படிக்கும்போது வேறொன்றும் தோன்றுகிறது. பெரிய வேலையைத் தொடங்கும் எவனுக்கும் நெஞ்சு நடுங்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அந்த நடுக்கத்துக்கு நூலின் முகப்பிலேயே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதனால் எந்தப் புலவனும் 'இது எனக்கு மாத்திரம் வந்த நோய்' என்று எண்ணி மறுக வேண்டியதில்லை. அச்சத்தைச் சொல்வதும் மரபின் ஒரு பகுதியாயிற்று.

புதிய ஆக்கமொன்றைத் தொடங்குவதற்கு முன் வரும் அச்சத்தையும் தன்னையே நம்ப முடியாத நிலையையும் பற்றி இத்தொடரிலே பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் உளவியல் படித்தவன் அல்லன். தமிழ் இலக்கிய வரலாறு கற்பிப்பவன். ஆகவே, வரலாற்றிலிருந்தே ஒரு விடை தேடலாம் என்று எண்ணினேன். தேடியபோது முன்னுக்கு வந்து நின்றவர் நம்மவர், சிறுப்பிட்டியிலே பிறந்தவர். அவரிடம் போவதற்கு முன், கேட்டுப் பழகிய ஒரு கதையை நினைவுகொள்வோம்.

கந்தபுராண படனம் நிகழும் நம்மூர்க் கோயில்களிலே இந்தக் கதையைக் கேளாதவர் குறைவு. காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியர் தமது புராணத்தை அரங்கேற்றத் தொடங்குகிறார். முதற்செய்யுளின் முதற்சொற்கள் புணர்ந்த விதத்துக்கே இலக்கணம் இல்லை என்று அவையில் ஒருவர் எழுந்து தடை சொல்கிறார். முருகப்பெருமானே எடுத்துக்கொடுத்த அடி என்று கச்சியப்பர் சொல்லியும் அவை விடவில்லை. விதி எங்கே, காட்டு என்கிறது. அரங்கேற்றம் நின்றுபோகிறது. மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒரு புலவர் வந்து, வீரசோழியம் என்னும் இலக்கண நூலைத் திறந்து, அந்தப் புணர்ச்சிக்குரிய விதியைக் காட்டுகிறார். அவை அமைதியடைகிறது, காவியம் மேலே செல்கிறது.

இது ஐதீகம், சரித்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், எழுதுகிறவனின் அச்சம் எப்படிப்பட்டது என்பதை இந்தக் கதை நன்றாகக் காட்டுகிறது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்கள் கையிலே இருக்க, முதற்சொல்லிலேயே ஒருவர் எழுந்து நின்றுவிடுவாரோ என்பதுதான் அந்த அச்சம். நூல் முழுவதும் நன்றாயிருந்தாலும் வாசலிலேயே மறித்துவிடுவார்களோ என்பதுதான் அந்தக் கவலை. கச்சியப்பரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் அந்த வீரசோழியத்தை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும். அது மீண்டும் ஒருமுறை வரப்போகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்த அச்சம் புதிய வடிவம் எடுத்தது. 1835இல் இந்தியர்கள் அச்சகம் வைத்து நடத்துவதற்கிருந்த தடைகள் நீங்கின. அதன் பின்னர் தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏறத் தொடங்கின. ஏட்டிலே பிழை நேர்ந்தால் அது பெரும்பாலும் அந்த வீட்டோடு போகும். யார் செய்த பிழை என்பதும் தெரியாது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அச்சிலே அப்படியில்லை. ஒரே பிழை நூற்றுக்கணக்கான பிரதிகளிலே ஒரே இடத்தில் நிற்கும். முகப்புப் பக்கத்திலே பதிப்பித்தவரின் பெயரும் ஊரும் நிற்கும். பிழைக்கு ஒரு விலாசம் ஏற்பட்டுவிட்டது!

அந்த ஏடுகளின் தன்மையையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ஓலையிலே புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரையினுள்ளே வரும் மேற்கோள் எதுவரை என்பதெல்லாம் படிக்கிறவனே அறிந்துகொள்ள வேண்டியவை. ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டவனுக்கு இது தடையன்று. பாடம் சொல்லும் பரம்பரை அற்றுப்போன நூலுக்கோ ஒவ்வோர் எழுத்தும் ஒரு சந்தேகம்.

இத்தகைய காலத்திலேதான் சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்புத் துறைக்கு வந்தார். 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் கற்றார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் பிறவும் கற்றார். தமிழகம் சென்று, 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அரசாங்க உத்தியோகம் பார்த்தார், சட்டம் படித்தார், பின்னாளிலே கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். வாழ்க்கையிலே அவர் பெற வேண்டிய கௌரவங்களை உத்தியோகமே அவருக்குக் கொடுத்தது. பழைய ஏடுகளிலே கை வைத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

அவர் இந்தத் துறையில் இறங்கிய முறை கவனிக்கத்தக்கது. இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளுக்குள், குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு வெளியிட்டார். அது சிறிய நூல். பலரும் படித்துப் பழகிய நூல். பின்னர் 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் கைபட்ட பதிப்பு என்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. பிழை இருக்காது என்ற நம்பிக்கை தமிழுலகம் முழுவதும் பரவியிருந்த காலம் அது. தாமோதரம்பிள்ளைக்கு நாவலர் ஏறத்தாழப் பத்து வயது மூத்தவர். பெரியவர் ஒருவரின் நிழலிலே நின்று வேலை பழகும்போது அச்சம் குறைவு. பிழை வந்தால் திருத்தவும், பழி வந்தால் தாங்கவும் ஆள் இருக்கிறது.

1879ஆம் ஆண்டு டிசெம்பரிலே நாவலர் காலமானார். இனி யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? இந்தக் கேள்வி அந்நாளிலே தமிழ் நூல்களோடு பழகிய பலருக்கும் எழுந்திருக்கும். ஆசிரியரை, தமையனை, வழிகாட்டியை இழந்த எவரும் அறிந்த கேள்விதான் இது. பலருக்கு வேலை அந்த இடத்தோடு நின்றுவிடும். தாமோதரம்பிள்ளையின் பெரிய வேலைகளோ அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. 1881இல் அவர் பெருந்தேவனார் உரையோடு அச்சேற்றிய நூல் எது தெரியுமா? கச்சியப்பருக்கு அரங்கிலே கைகொடுத்ததாகச் சொல்லப்படும் அதே வீரசோழியம். கதையிலே ஒரு புலவர் எடுத்துவந்து காட்டிய நூலை, இனி எவரும் கடையிலே வாங்கிப் படிக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வந்தன. 1885இல் வந்தது தொல்காப்பியப் பொருளதிகாரம்.

இந்தக் கடைசி நூலின் அருமையை இன்றைய மாணவர்கள் உணர்வது கடினம். நமக்குப் பொருளதிகாரம் ஒரு பாடப்புத்தகம். அந்நாளிலோ அதனை முறையாகப் பாடம் சொல்லக்கூடியவர்கள் அருகிப் போயிருந்தார்கள். உரையாசிரியர்கள் காட்டும் மேற்கோள்கள் சங்கச் செய்யுள்கள். அந்தச் செய்யுள்கள் அடங்கிய எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றேனும் 1885இல் அச்சிலே இல்லை. உரையிலே ஒரு மேற்கோள் சிதைந்து கிடந்தால், மூலநூலை எடுத்து ஒத்துப்பார்த்துத் திருத்துவோம் என்றால், மூலநூலும் எங்கோ ஒரு பரணிலே சிதைந்து கிடக்கிறது. விளக்கு ஏற்ற நெருப்பு வேண்டும். நெருப்புத் தேட விளக்கு வேண்டும் என்பது போன்ற நிலை. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்து ஊர்களிலும் தேடிப் பெற்ற ஏடுகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் கண்டு, அவர் அந்தப் பதிப்பை உருவாக்கினார்.

அதன் பதிப்புரையிலே, நான் சொல்லவந்த விடயம் இருக்கிறது. இந்த வேலையைச் செய்வதற்குத் தம்மைவிடத் தகுதியுள்ள வித்துவான்கள் இல்லாமலில்லை என்பதை அவர் ஏற்றுக்கொள்கிறார். அவர்கள் ஏன் செய்யவில்லை? பண்டிதர், மகாவித்துவான், புலவர் என்றெல்லாம் பட்டங்களைத் தலையிலே சுமப்பவர்களுக்கு, பிழை நேர்ந்தால் அந்தப் பட்டத்துக்கு இழுக்கு வரும் என்ற அச்சம் உண்டு. ஆகவே, அத்தகைய சுமை எதனையும் ஏற்றிக்கொள்ளாமல், இன்னும் பலகாலம் தமிழ் படிக்க உரிமை பூண்டிருக்கும் தம்மைப் போன்றவர்களே இதிலே கை வைக்க வேண்டியதாயிற்று என்பது அவர் சொல்லும் நியாயம்.

இதனை எழுதியபோது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. பட்டதாரி, சட்டம் வல்லவர், பல நூல்களின் பதிப்பாசிரியர். அவர் விரும்பியிருந்தால் தம்மைப் பெரிய வித்துவான் என்று அறிமுகப்படுத்தியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்த இடம் மாணாக்கனின் இடம். இதிலே பணிவு மாத்திரமன்றி ஒரு நுட்பமான அறிவும் இருக்கிறது. தகுதி வந்தபின் அச்சம் போய்விடும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். அவர் கண்ட உண்மை நேர்மாறானது. தகுதி என்ற பெயர் வளர வளர அச்சமும் வளர்கிறது. ஏனென்றால், இழப்பதற்கு ஒன்று சேர்ந்துகொண்டே போகிறது.

பட்டம் என்ற சொல்லுக்கு நம்மூரிலே இரண்டு பொருள் உண்டு. தைமாதத்துக் காற்றிலே பிள்ளைகள் விடும் பட்டம் மேலே ஏறும். பெயருக்கு முன்னாலே ஒட்டிக்கொள்ளும் பட்டமோ சிலவேளைகளில் ஆளைக் கீழே அழுத்திவிடும்.

அப்படியானால் தாமோதரம்பிள்ளை அச்சமற்றவரா? நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு இன்னோர் அச்சம் இருந்தது. அது முதல் அச்சத்தைவிடப் பெரியதாக இருந்தது. 1887இல் அவர் கலித்தொகையைப் பதிப்பித்தார். எட்டுத்தொகையிலே முதன்முதல் அச்சேறிய நூல் அதுவே. அதன் பதிப்புரையிலே தமது கைக்கு வந்த ஏடுகளின் நிலையை அவர் விவரித்திருப்பதைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். தொட்டால் உதிரும், பிரித்தால் ஒடியும், எழுத்துக்களோ பூச்சியரித்துக் கிடக்கும் ஓலைகள். ஒருமுறை படித்தால் மறுமுறை படிக்க அந்த ஓலை இருக்குமோ என்ற நிலை. பிழையோடு பதிப்பித்தால் பழி தமக்கு. பதிப்பிக்காமல் விட்டால் நட்டம் தமிழுக்கு. இரண்டு அச்சங்களையும் தராசிலே வைத்துப் பார்த்து, எது கனமானது என்று அவர் கண்டுகொண்டார். பிழையை இன்னொருவர் திருத்தலாம். அழிந்த ஓலையை எவரும் திருத்த முடியாது.

அஞ்சியபடியே பிழை நேர்ந்ததா என்று நேயர்கள் கேட்கலாம். நேர்ந்தது! பொருளதிகாரம் முழுவதற்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையது என்றே அந்த 1885ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிவந்தது. அதன் பிற்பகுதியிலே மெய்ப்பாட்டியல் முதலானவற்றுக்கு அமைந்த உரை நச்சினார்க்கினியருடையது அன்று, பேராசிரியருடையது என்பதை ரா. இராகவையங்கார் பின்னர் 'செந்தமிழ்' இதழிலே ஆராய்ந்து எழுதினார். உரையாசிரியரின் பெயரே மாறிப்போய்விட்டது என்றால், ஒரு பதிப்பாசிரியருக்கு அதைவிடப் பெரிய பிழை வேறென்ன வேண்டும்?

ஆனால், நடந்தது என்ன? தாமோதரம்பிள்ளையின் பெயர் கெடவில்லை. அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதற்கே அவருடைய அச்சுப் பதிப்பு வேண்டியிருந்தது. உரை முழுவதும் ஒருவர் கையிலே ஒரே நேரத்தில் இருந்ததனால்தான், முன்பகுதியின் நடையையும் பின்பகுதியின் நடையையும் ஒப்பிட்டு, இவை இரண்டும் ஒருவருடையன அல்ல என்று காண முடிந்தது. முதலில் செய்தவர் பிழையோடு செய்தார்; பின்வந்தவர் அதன்மேல் நின்று திருத்தினார். பதிப்பு வரலாறு இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. முதல்வரே எல்லாம் சரியாக அறிந்துகொண்டுதான் தொடங்குவேன் என்று காத்திருந்தால், இரண்டாமவருக்குத் திருத்த ஒன்றும் இருந்திருக்காது.

இந்த இடத்திலே கும்பகோணத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். தாமோதரம்பிள்ளை வழக்கறிஞராக இருந்த அதே ஊரில், அதே காலத்தில், அரசாங்கக் கல்லூரியிலே தமிழாசிரியராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். 1880ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப்பைப் பார்க்கப் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. என்ன என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்டதொரு பட்டியலைச் சொன்னார். முதலியாருக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்த நூலைப் படித்திருக்கவில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவர், பெரிய மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர், இப்படியொரு கேள்விக்கு முன்னே என்ன செய்வார்? மனம் நொந்து, 'இவருக்கு இலக்கியம் தெரியாது' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஐயரோ அந்த ஏட்டை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். படித்தால் விளங்கவில்லை. நூல் சமண நூல். அதிலே வரும் சமயக் கருத்துக்களும் சொற்களும் அவர் பழகாதவை. உரையோ நச்சினார்க்கினியருடையது, உரைக்கே உரை வேண்டியிருந்தது. அப்போது கும்பகோணத்திலே, சிந்தாமணியை வழிவழியாகப் படித்துவந்த சமணர்கள் இருந்தார்கள். ஐயர் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனார், கேட்டார், குறித்துக்கொண்டார். கல்லூரியிலே ஆசிரியர், சமணர் வீட்டிலே மாணாக்கர். ஏழாண்டு உழைப்பின் பின் 1887இல் சீவகசிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகை வந்ததும் அதே ஆண்டுதான்.

நூல் வந்ததும் கண்டனமும் வந்தது. பிழைகளைப் பட்டியலிட்டுத் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார்கள். மனம் புண்பட்ட ஐயர் பதில் எழுத முனைந்தார். உடன் ஆசிரியராக இருந்த சாது சேஷையர் அதனைத் தடுத்தார். பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் வேலை நின்றுபோகும் என்பதே அவருடைய அறிவுரை. ஐயர் அதனை ஏற்றுக்கொண்டு அடுத்த நூலை எடுத்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன. சிந்தாமணியையும் அவர் விட்டுவிடவில்லை. மேலும் கற்றவற்றைச் சேர்த்து 1907இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். கண்டனத்துக்கு அவர் சொன்ன பதில் அந்த இரண்டாம் பதிப்புத்தான் என்று நான் நினைப்பதுண்டு.

இருவரும் பதிப்பாசிரியர்கள், கதை, கவிதை எழுதுகிறவனுக்கு இவர்களுடைய வரலாறு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாதான். ஆனால், பதிப்பு என்பது இருந்ததை இருந்தபடி அச்சுக்கோத்தல் என்று எண்ணிவிடக் கூடாது. முன்மாதிரி இல்லாத இடத்தில் ஒரு நூலுக்கு உருவம் கொடுப்பதும், எது பாடம், எது பிழை என்று தனியே இருந்து தீர்மானிப்பதும் ஆக்கவேலையே. தாமோதரம்பிள்ளை தமது பதிப்புகளுக்கு எழுதிய நீண்ட உரைகள் தமிழ் உரைநடையிலே புதியதொரு வகையாக அமைந்தன. நூலின் காலம், வரலாறு, ஏடு தேடிய கதை, மறுப்பாரோடு வாதம் எல்லாம் அவற்றிலே உண்டு. 1971இல் யாழ்ப்பாணத்திலே அவற்றைத் தொகுத்துத் 'தாமோதரம்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். எழுத வருகிற பிள்ளைகள் படிக்க வேண்டிய நூல்களுள் அதுவும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஆக்கங்கள் கேட்டபோது, உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரின் கொப்பியிலே நல்லதொரு சிறுகதை இருப்பதைச் சக மாணவர்கள் சொல்லி அறிந்தேன். கேட்டபோது தரத் தயங்கினார்.

"சேர், அது சும்மா எழுதிப் பார்த்தது. இன்னும் கனக்க வாசிச்சுப்போட்டுத்தான் எழுத வேணும்."

"எவ்வளவு வாசிச்சால் காணும் தம்பி?"

அவரிடம் பதில் இல்லை. உண்மையில் அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஏனென்றால், அப்படியோர் அளவு கிடையாது. நான் அவருக்குத் தாமோதரம்பிள்ளையின் பதிப்புரையிலிருந்த கருத்தைச் சொன்னேன். 'நீர் வாசிக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது என்பது எழுதாமல் இருப்பதற்குக் காரணமன்று. எழுதுவதற்கு உமக்கிருக்கும் உரிமையே அதுதான்' என்றேன். மாணாக்கன் பிழை விட்டால் உலகம் வியப்பதில்லை. அந்தச் சுதந்திரம் இருக்கும்போதே எழுதிப் பழக வேண்டும்.

இதனை ஒருவர் தவறாகவும் விளங்கிக்கொள்ளலாம். 'நான் மாணவன்தானே, எப்படியும் எழுதலாம்' என்று அவசரப்பட்டு அச்சுக்குக் கொடுப்பவர்களையும் நாம் காண்கிறோம். தாமோதரம்பிள்ளை தம்மை மாணாக்கன் என்று சொன்னது வேலையைக் குறைப்பதற்கன்று. மாணாக்கன் என்றால் படிக்க வேண்டும், தேட வேண்டும், தெரிந்தவரிடம் போய்க் கேட்க வேண்டும். கிடைத்த ஏடுகளையெல்லாம் அவர் ஒத்துப்பார்த்தார். உத்தியோகத்திலே தேடியதையும் ஓய்வையும் செலவிட்டார். அச்சத்தை அவர் உழைப்பாக மாற்றினார் என்று சொல்லலாம். 'பிழை வந்துவிடுமோ' என்ற எண்ணம் சிலருடைய கையைக் கட்டிவிடுகிறது. அதே எண்ணம் வேறு சிலரை இன்னும் ஒரு பிரதியைத் தேடிப் போக வைக்கிறது. அச்சம் ஒன்றுதான், அது செல்லும் திசை வேறு.

அவர் சென்ற வழியின் படிகளையும் மறக்கக் கூடாது. முதலிலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு சிறுநூல். பிறகு பெரியவர் ஒருவரின் துணையோடு ஒரு கடினமான நூல். அந்தப் பெரியவர் மறைந்தபின் தனியே ஒரு நூல். அதன் பின்னரே எவரும் தொட அஞ்சிய பொருளதிகாரம். நாவல் எழுத நினைத்து, முதல் அத்தியாயத்தோடு சோர்ந்து போகும் இளைஞர்கள் பலர், முதற்படியிலே கால் வைக்காமல் நான்காம் படிக்குத் தாவியவர்களாகவே இருக்கிறார்கள். அது திறமைக் குறைவன்று. ஏறிய முறையிலே உள்ள குறை.

நம் நாட்டிலே இந்த விடயத்துக்கு இன்னுமொரு கனம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலே வீட்டோடு விட்டுவந்த கொப்பிகளும் கையெழுத்துப் பிரதிகளும் எத்தனையோ. பின்னர் திருத்தி எழுதுவோம் என்று பெட்டியிலே பூட்டி வைத்தவை பெட்டியோடு போயின. அச்சிலே வந்தவற்றுள் எங்கோ ஒரு பிரதியேனும் தப்பியது. ஓலை உதிர்வதைக் கண்டு சிறுப்பிட்டியார் கொண்ட அச்சம் நமக்கு ஏட்டுப் படிப்பன்று. நாம் கண்ணாலே கண்டது. எழுதாமல் விட்ட கதைக்கும், எழுதியும் வெளியிடாமல் வைத்த கதைக்கும் இரண்டாம் பதிப்பு கிடையாது.

தாமோதரம்பிள்ளை 1901ஆம் ஆண்டின் முதல் நாளிலே காலமானார். அவருக்காக இரங்கிக் கவி பாடியவர்களுள் சாமிநாதையரும் ஒருவர். ஒரே துறையிலே, ஒரே ஊரிலே, ஒரே ஏடுகளைத் தேடியவர்கள். அவர்களுக்கிடையே போட்டியும் இருந்திருக்கிறது. ஆயினும் அந்த வேலையின் நடுக்கத்தை முழுமையாக அறிந்தவர்கள் அன்று அவர்கள் இருவருமே. ஒருவருடைய பதிப்பு மற்றவருக்கு ஏணியாக இருந்தது. இன்று நாம் சங்க இலக்கியம் என்று பெருமையோடு பேசுவதெல்லாம், 'நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே தொடங்கியவர்கள் தேடித் தந்த செல்வம்.

அவையடக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்கினேன். அதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அவையடக்கம் நூலின் முகப்பிலே சில செய்யுள்களில் முடிந்துவிடும். நூல் முழுவதும் அவையடக்கமாகவே பாடிய புலவர் ஒருவரும் இல்லை. பாற்கடலின் கரையிலே நின்ற பூனையைப் பற்றிச் சொல்லிவிட்டு, கம்பர் ஆற்றைப் பாடினார், நாட்டைப் பாடினார், நகரைப் பாடினார், கதைக்குள்ளே போய்விட்டார். அஞ்சுவதற்கு மரபு நமக்குத் தந்திருக்கும் இடம் அவ்வளவுதான். அந்தச் சில செய்யுள்களின் அளவுக்கு அஞ்சலாம். பிறகு நூலைத் தொடங்கிவிட வேண்டும்.